கண் காணாத கடைக்காரர்

சந்தையில் கத்தரிக்காய் வாங்கும் பெண்மணி ஒவ்வொரு காயையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். சொத்தை ஒன்று அகப்பட்டால் கடைக்காரர் பாடு திண்டாட்டந்தான்! அதே பெண்மணி கைப்பேசியில் புடவை வாங்கும்போது, படத்தைப் பார்த்துப் பணத்தைக் கட்டிவிட்டுத் தெய்வத்தின்மேல் பாரத்தைப் போடுகிறாள்.

இந்த வியாபாரம் பிறந்த கதையே வேடிக்கையானது. 1995-ல் அமெரிக்காவில் பியர் ஒமிட்யார் என்பவர், பின்னாளில் 'ஈபே' என்று பெயர் பெற்ற இணைய ஏலக்கடையைத் திறந்தார். அதில் முதலில் விலைபோனது அவருடைய உடைந்த லேசர் சுட்டி. விலை 14 டாலர் 83 சென்ட். உடைந்தது என்று தெரிந்துதான் வாங்கினீரா என்று ஒமிட்யாரே விசாரித்தார். உடைந்த சுட்டிகளைச் சேகரிப்பதே தம் பொழுதுபோக்கு என்றாராம் வாங்கியவர்!

விற்பவர் எல்லோருக்கும் அந்த மனசு வருமா? கைப்பேசி கேட்டவருக்குச் சோப்புக்கட்டி வந்த கதை நமக்குப் புதிதல்லவே!

இந்தியாவில் சட்டம் சும்மா இருக்கவில்லை. 2019-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020-ல் மின்வணிக விதிகள். இணையச் சந்தை, விற்பவரின் பெயர் விலாசத்தைக் காட்டவேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். வாங்கியவர் தாம் வசிக்கும் ஜில்லாவின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம்.

ஆனால், இந்தக் குடைக்கும் விளிம்பு உண்டு. தம் வீட்டுப் பழைய கட்டிலை எப்போதோ ஒருமுறை விற்கும் தனிமனிதருக்கு அந்த மின்வணிக விதிகள் பொருந்தா. எத்தர்களோ வேறு வழி வைத்திருக்கிறார்கள். "கமிஷன் மிச்சம் சார்! பணத்தை நேரே என் கணக்கில் போடுங்கள், விலையைக் குறைக்கிறேன்" என்பார்கள். போட்டீர்களோ, சந்தையை விட்டு வெளியேறித் தெருமுனையில் நிற்கிறீர்கள்! "எங்கள் பெட்டிக்குப் பணம் வரவில்லையே" என்று சந்தைக்காரர் கையை விரித்துவிடுவார்.

இன்னொரு தந்திரம், உங்கள் ஊரிலேயே வேறொரு விலாசத்துக்கு வெறும் பொட்டலம் அனுப்புவது. ஏட்டில் 'பட்டுவாடா ஆயிற்று' என்று பதிவாகிவிடும். அப்போது எந்த விலாசத்தில், யாரிடம் கொடுத்தார்கள் என்பதைக் கூரியரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதுவே உங்கள் சாட்சி.

ஆகவே, பணத்தைச் சந்தையின் பெட்டியிலேயே கட்டுங்கள். பொட்டலத்தைப் பிரிக்கும்போதே படம் பிடியுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடியுமுன் புகார் செய்யுங்கள். நுகர்வோர் உதவிக்கு 1915. பணம் மோசம் போய்விட்டதென்றால் 1930. வெட்கப்பட்டுக்கொண்டு நாலு நாள் தாமதிக்க வேண்டாம். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வழியுண்டு.