வெயிலுக்கு அஞ்சாத கனகாம்பரம்

படத்தைப் பார்த்து மயங்கி ஃப்ளாக்ஸ் செடிக்கு ஆசைப்படும் விழுப்புரம், திண்டிவனத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பல ஆண்டு வாழும் அந்தச் செடி வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. கடுங்குளிரில் மேலே பட்டுப்போய், வேர் மட்டும் உறங்கி, மறுபடி துளிர்ப்பது அதன் வழக்கம். நம் மார்கழிப் பனி அதற்குப் போதாது. சித்திரை வெயிலோ தாங்காது. ஆண்டுக்கணக்கில் கொத்துக் கொத்தாகப் பூக்கத்தான் நம்மிடம் கனகாம்பரம் இருக்கிறதே! தென்னிந்தியாவும் இலங்கையும்தான் அதன் பிறந்தகம். ஆடாதோடைக்குச் சொந்தக்காரச் செடி.

மணம் கிடையாது. ஆனாலும் மல்லிகையோடு சேர்த்துக் கட்டினால் சரத்துக்கே எடுப்பு வந்துவிடும். கதிரின் அடியிலிருந்து மேல்நோக்கி வரிசையாக மலரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் பறிக்கலாம்.

வேடிக்கை காயில் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த கதிரிலிருந்து ஒரு காயை உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சற்று நேரத்தில் 'டப்'பென்று வெடித்து விதைகள் தெறிக்கும். பள்ளிப் பிள்ளைகள் எச்சில் தொட்டு வெடிக்கும் பட்டாசுக்காயும் இதே குடும்பம்தான். ஈரம் பட்டதும் காயின் இணைப்பு விட்டுக்கொடுக்க, இறுகியிருந்த ஓடு பிளந்து விதையை வீசுகிறது. மழை வந்த பிறகே விதை மண்ணில் விழ வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது! விதை வேண்டுமென்றால் மழைக்கு முன்பே கதிரை வெட்டிவிடுங்கள்.

டெல்லி கனகாம்பரம் என்ற ரகத்தில் இந்த வேடிக்கை நடக்காது. குரோமோசோம் தொகுதி மூன்று இருப்பதால் அது விதை பிடிப்பதில்லை. நுனித் தண்டை வெட்டி வேர்விட வைக்க வேண்டும்.

இந்தச் செடியைக் கொல்வது பெரும்பாலும் வெயில் அல்ல, வேரில் தேங்கும் நீர்தான். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட வட்டாரத்தில் பள்ளத்தில் நடுவது வீண்வேலை. கரை கட்டி, இரண்டடி இடைவெளியில் நடுங்கள்.

அடுத்த எதிரி நூற்புழு. கண்ணுக்குத் தெரியாமல் வேரைத் துளைக்கும்; இலை வெளிறி, செடி குன்றும். அந்தப் புண் வழியாக வாடல் நோயும் நுழையும். நடும்போது வேப்பம் பிண்ணாக்கு இடுவதும், ஊடே துலுக்கச் சாமந்தி வைப்பதும் பலன் தரும். வாடிய செடி இருந்த குழியில் மட்டும் மறுபடி கனகாம்பரத்தை நடாதீர்கள்.