ஒரே விளையாட்டு, இரண்டு மதிப்பெண்

கனடாவின் பயோவேர் நிறுவனம் 2011 மார்ச்சில் ‘டிராகன் ஏஜ் 2’ என்ற கணினி விளையாட்டை வெளியிட்டது. வாளும் மந்திரமும் டிராகன்களும் நிறைந்த ஒரு கற்பனை உலகில் நடக்கும், நாமே ஒரு கதாபாத்திரமாகி ஆடும் ஆர்பிஜி வகை விளையாட்டு அது. விமர்சகர்கள் தரும் மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி போடும் மெட்டாகிரிட்டிக், அதன் கணினிப் பதிப்புக்கு 100-க்கு 82 காட்டியது. அதே பக்கத்தில் விளையாடியவர்கள் போட்ட மதிப்பெண்ணின் சராசரி 10-க்கு 5-ஐக்கூட எட்டவில்லை. விமர்சகர்கள் விலைபோய்விட்டார்கள் என்றார்கள் ஒரு சாரார். ரசிகர்கள் கும்பலாகச் சேர்ந்து பழிதீர்க்கிறார்கள் என்றார்கள் இன்னொரு சாரார். இந்த இரண்டு விளக்கங்களும் எதிராளியின் நோக்கத்தைச் சந்தேகிக்கின்றனவே தவிர, விளையாட்டுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. உண்மையில் இரு தரப்பினரும் பெரும்பாலும் நேர்மையாகவே மதிப்பிட்டிருக்கிறார்கள். விமர்சகர்கள் ஒரு விளையாட்டை மதிப்பிட்டார்கள். ரசிகர்கள் ஓர் இரண்டாம் பாகத்தை மதிப்பிட்டார்கள்.

முதல் பாகமான ‘டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்’ 2004-லேயே அறிவிக்கப்பட்டு, 2009 நவம்பரில்தான் வெளிவந்தது. ‘பால்டர்ஸ் கேட்’ வரிசையை உருவாக்கிய அதே நிறுவனம், அதன் வாரிசு என்று சொல்லியே இதைக் கொண்டுவந்தது. மனிதர், எல்ஃப், குள்ளர் என்று இனத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கேற்ப ஆறு வெவ்வேறு தொடக்கக் கதைகள் இருந்தன. கணினியில் கேமராவைத் தலைக்கு மேலே தூக்கி, சண்டையை நிறுத்திவைத்து, நம் குழுவின் நான்கு பேருக்கும் தனித்தனியாகக் கட்டளை கொடுக்கலாம். அவசரப்பட்டு நெருப்பு மந்திரத்தை வீசினால் நம் ஆட்களே வெந்துபோவார்கள். இந்த நிதானத்துக்காகவே வந்தவர்கள் அதன் ரசிகர்கள். பதினாறே மாதத்தில் இரண்டாம் பாகம் கைக்கு வந்தபோது இதில் பெரும்பகுதியைக் காணோம். கதாநாயகர் ஹாக் மனிதர் மட்டுமே. கேமரா பழைய உயரத்துக்கு ஏறவில்லை. ஆகக் கடினமான நிலையில் ஆடினாலொழிய நம் நெருப்பு நம்மைச் சுடாது. முதல் அலை எதிரிகளை வீழ்த்தினால் இரண்டாம் அலை எங்கிருந்தோ வந்து குதிக்கும். யாரை எங்கே நிறுத்துவது என்று போட்ட திட்டமெல்லாம் அதோடு பாழ்.

இவற்றையெல்லாம் ருசி வேறுபாடு என்று தள்ளிவிடலாம். குகையை அப்படித் தள்ள முடியாது. கதை நடக்கும் கிர்க்வால் நகருக்கு வெளியே ஒரு வேலையாக ஒரு குகைக்குள் நுழைகிறீர்கள். முடித்துவிட்டு, வேறொரு மலையில் வேறொரு வேலைக்குப் போனால் அங்கேயும் அதே குகை. அதே வளைவு, அதே கூடம். போன முறை திறந்திருந்த வழியைக் கல் பலகை வைத்து அடைத்திருப்பார்கள். அடைத்திருந்த வழி இப்போது திறந்திருக்கும், அவ்வளவுதான். மூலையில் தெரியும் சிறு வரைபடமோ அடைத்த பகுதியையும் சேர்த்து முழுக் குகையையும் காட்டிக்கொடுத்துவிடும். மாளிகை, கிடங்கு, கடற்கரை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். முதல் நாள் சாம்பாரை மூன்று நாள் சுடவைத்துப் பரிமாறினால் சமையல்காரரின் கைப்பக்குவத்தைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்?

விமர்சகர்கள் இதைப் பார்க்காமல் இல்லை. பாராட்டி எழுதியவர்களில் பலரும் இதைக் குறையாகக் குறிப்பிட்டார்கள். ஆனால் அந்தக் குறைக்குக் கொடுத்த எடையில்தான் வித்தியாசம். விமர்சனம் வெளியீட்டு நாளுக்குள் தயாராக வேண்டும். பல மணி நேர விளையாட்டைக் கெடு வைத்து ஓட்டி முடிக்கிறவருக்கு, தெரிந்த குகை ஒரு விதத்தில் வசதிகூட. வாரக்கணக்கில், மாலை தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஆடுகிறவருக்கு அது ஒவ்வொரு நாளும் எதிர்ப்படும் ஏமாற்றம். இன்னொரு பக்கம், விமர்சகர்கள் புகழ்ந்தவையும் பொய்யல்ல. உலகத்தைக் காப்பாற்றும் வழக்கமான வீரகதையை விட்டுவிட்டு, அகதியாக வந்த ஒரு குடும்பம் ஒரே நகரில் ஆண்டுக்கணக்கில் எழுந்து சரிவதைச் சொன்னது இந்த விளையாட்டு. அதையும் வாரிக் என்ற குள்ளன் விசாரணையில் உட்கார்ந்து, தன் இஷ்டத்துக்கு அளந்துவிட்டுச் சொல்வதாக அமைத்தது. கூட்டாளிகள் நம்மோடு முரண்பட்டாலும் அந்த மோதலே ஓர் உறவாக வளரும். முதல் பாகத்தை ஆடாதவருக்கு இது 82 பெறத் தகுந்த சரக்குதான்.

மறுப்புகள் உண்டு. ஆத்திரத்தில் பூஜ்யம் போட்டவர்களை வைத்து எப்படிக் கணக்குப் பார்ப்பது என்று கேட்கலாம். நியாயம்தான், ஆடாமலே பூஜ்யம் போட்டவர்களும் இருந்திருப்பார்கள். நிறுவனத்தின் பக்கமும் சுத்தமில்லை: பயோவேர் ஊழியர் ஒருவரே ரசிகர்போல 10 போட்டுப் புகழ்ந்தது அம்பலமானது. ஒபாமாகூடத் தேர்தலில் தனக்குத்தானே ஓட்டுப் போட்டிருப்பார் என்று தாய் நிறுவனமான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அதற்குச் சமாதானம் சொன்னது வேறு கதை. அந்தச் சராசரி எண்ணை நம்ப வேண்டியதில்லை. எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புகார்களை மட்டும் படித்தாலும் குகை, அலை, கேமரா, முடிவு என்று சரிபார்க்கக்கூடிய விஷயங்களே மிஞ்சுகின்றன. முடிவையே எடுத்துக்கொள்வோம். மந்திரவாதிகளுக்கும் அவர்களை அடக்கும் டெம்ப்ளர்களுக்கும் இடையே ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது கதை. மந்திரவாதிகள் பக்கம் நின்றாலும் அவர்களின் தலைவர் ஆர்சினோ பூதமாக மாறி நம்மையே தாக்குகிறார். எந்தப் பக்கம் போனாலும் இரண்டு தலைவர்களோடும் சண்டை போட்டே தீர வேண்டும் என்றால் தேர்வு எதற்கு?

ரசிகர்களுக்கு மாற்றமே பிடிக்காது என்பது அடுத்த வாதம். அதை முறியடிக்க வேறெங்கும் போக வேண்டாம். அதே பயோவேர் 2010 ஜனவரியில் கொண்டுவந்த ‘மாஸ் எஃபெக்ட் 2’ போதும். முதல் பாகத்தில் இருந்த ஆயுதச் சேகரிப்பை ஏறக்குறைய ஒழித்து, துப்பாக்கிச் சண்டையின் பக்கம் வெகுவாகச் சாய்ந்த விளையாட்டு அது. விமர்சகர்கள் 96 கொடுத்தார்கள். ரசிகர்களும் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். காரணம், எடுத்ததற்கு ஈடாக ஒன்றை வைத்தார்கள். முதல் ‘மாஸ் எஃபெக்ட்’டில் கிரகத்துக்குக் கிரகம் ஒரே மாதிரி நிலவறைகள் வந்து அலுப்பூட்டின, இரண்டாம் பாகத்தில் சின்னச் சின்ன வேலைகளுக்குக்கூடத் தனித்தனி இடங்களைக் கட்டினார்கள். ஒரு வரிசையில் களைந்த அதே குறையை, அடுத்த ஆண்டே இன்னொரு வரிசையில் நட்டுவைத்தது அந்த நிறுவனம். இதைத் திறமைக் குறைவு என்று சொல்ல முடியாது. கொடுக்கப்பட்ட காலம் போதவில்லை என்பதே பொருத்தமான விளக்கம்.

ரசிகர்களின் புகார்களுக்கு நிறுவனம் தந்த பதிலும் விமர்சகர்களின் 82-ஐ நம்பியதாகத் தெரியவில்லை. 2014 நவம்பரில் வந்த ‘டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன்’ மூன்றரை ஆண்டுக்கும் மேல் எடுத்துக்கொண்டது. இனத் தேர்வு திரும்பி வந்தது, மேலிருந்து பார்க்கும் கேமராவும் வந்தது. ஒரே குகைக்குப் பதிலாக நிலப்பரப்பை விரித்த விரிப்பில், தொடக்கத்திலேயே வரும் ஹின்டர்லேண்ட்ஸ் பகுதியில் சில்லறை வேலைகளைப் பார்த்தே பலர் சோர்ந்துபோனார்கள். ஆனாலும் அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற கேம் அவார்ட்ஸ் விருது அதற்குக் கிடைத்தது. வாரிக்கும் அவனை விசாரித்த கசாண்ட்ராவும் அதில் கதாநாயகரின் கூட்டாளிகளாகவே வந்தார்கள்.