கடை திறக்கும் முன் சந்தையைச் சுற்றி வருவோம்



மக்காவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஹிஜ்ரத் செய்து மதீனா வந்து சேர்ந்தவர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள். அன்ஸாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியை அவருக்குத் தர முன்வந்தார்கள். அந்த நல்ல மனதுக்காக துஆ செய்துவிட்டு, இங்கே வியாபாரம் நடக்கும் சந்தை எது என்றுதான் அவர் விசாரித்தார். கைனுகா சந்தையைக் காட்டினார்கள். அங்கே போய் வியாபாரம் செய்து பாலாடைக்கட்டியும் நெய்யும் லாபமாகக் கொண்டு வந்ததை புகாரி ஷரீஃபில் காண்கிறோம். முதல் கையருகே இருந்தும் அவர் தேடிப் போனது சந்தையை.

நம் ஊர்களில் இன்று நடப்பது பெரும்பாலும் இதற்குத் தலைகீழ். வளைகுடாவிலிருந்து திரும்பிய பிள்ளையிடம் கொஞ்சம் சேமிப்பு இருக்கும். வீட்டில் அடகு வைக்க நகை இருக்கும். பக்கத்துத் தெருவில் ஒருவர் பர்தா கடை வைத்து நன்றாக ஓடினால், அதே வரிசையில் இன்னும் இரண்டு கடை வந்துவிடும். அட்வான்ஸ், அலமாரி, சரக்கு என்று பணம் இறங்கிய பிறகுதான் வாங்க ஆள் உண்டா என்ற கேள்வியே எழுகிறது. மேலப்பாளையத்தில் செவ்வாய்க்கிழமைச் சந்தைக்குப் போய் ஓர் ஆடு வாங்குவதென்றால் கூட இரண்டு சுற்று சுற்றுகிறோம், பல்லைப் பார்க்கிறோம், நாலு பேரிடம் விலை கேட்கிறோம். வீட்டு நகையைப் போட்டுக் கடை திறப்பதற்கு அந்த அளவாவது சுற்ற வேண்டாமா?

பத்தமடைப் பாய் சொல்லும் பாடம்

தூரத்து உதாரணம் தேவையில்லை. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையைக் கொண்டு பத்தமடையில் பாய் நெய்கிறார்கள். நெய்பவர்களில் பெரும்பாலோர் நம் சமுதாயப் பெண்கள். கோரையைக் காயவைத்து, கீறி, ஓடும் நீரில் பல நாள் ஊறப்போட்டு, மறுபடி உலர்த்தி, சாயம் ஏற்றி, பருத்தி நூல் பாவில் நெய்கிற வேலை அது. புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

அந்த ஒரே ஊரில் இரண்டு வகைப் பாய் உண்டு. ஒன்று, அன்றாடம் படுக்க விரிக்கும் சாதாரணப் பாய். இன்னொன்று, துணி போல மெல்லியதாக, மணமக்கள் பெயரைக் கூட நெய்து தரும் பட்டுப்பாய். இரண்டும் ஒரே கோரைதான், ஆனால் சந்தை வேறு. சாதாரணப் பாயை வாங்குகிறவர் பக்கத்து ஊர்க்காரர். பத்து ரூபாய் குறைந்தால் வேறு கடைக்குப் போய்விடுவார். அவருக்கு விசைத்தறிக் கோரைப்பாயும் பிளாஸ்டிக் பாயும் மலிவாகக் கிடைக்கின்றன. பட்டுப்பாயை வாங்குகிறவர் உள்ளூரில் அதிகம் இல்லை. அவர் கல்யாணச் சீருக்குத் தேடுகிற வெளியூர்க்காரர், பூம்புகார் விற்பனை நிலையத்துக்கு வருகிறவர், கண்காட்சிக்கு வருகிறவர். கோரையில் கைப்பையும் மேசை விரிப்பும் செய்யத் தொடங்கியதும் இப்படிப்பட்டவர்களுக்காகவே. பட்டுப்பாயை உள்ளூர்ச் சந்தையில் வைத்துவிட்டு விற்கவில்லை என்று வருந்தினால் குறை பாயில் இல்லை.

போட்டியாளர் யார்?

எதிர்க்கடைக்காரரை மட்டும் போட்டியாளராக நினைக்கிறோம். உங்களிடம் வாங்க வேண்டியவர் இப்போது எதில் பணம் போடுகிறாரோ அதுவெல்லாம் போட்டிதான். கோரைப்பாய்க்குப் போட்டி இன்னொரு கோரைப்பாய்க் கடை மட்டுமல்ல. பிளாஸ்டிக் பாயும் போட்டி, கட்டிலும் மெத்தையும் போட்டி. வீட்டிலிருந்து இடியாப்பம் அவித்து விற்க நினைக்கும் பெண்ணுக்குத் தெருமுனை ஹோட்டலும் போட்டி, வாங்குகிறவர் தன் வீட்டிலேயே அவித்துக்கொள்வதும் போட்டி.

நன்றாக ஓடும் கடையைப் பார்க்கும்போது அது ஏன் ஓடுகிறது என்பதையும் சரியாகப் பார்க்க வேண்டும். நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடை அல்வா சாயங்காலம்தான் விற்பனைக்கு வரும். சரக்குத் தீர்ந்தால் கடை மூடிவிடும். அலங்காரம் கிடையாது. அதைப் பார்த்துவிட்டு நாமும் விளக்கில்லாமல் கடை வைக்கலாம் என்று முடிவு செய்தால் என்ன ஆகும்? அங்கே கூட்டம் நிற்பது தலைமுறையாக மாறாத ருசிக்கு.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு பாய்க்கடை. வாடகை 5,000 ரூபாய், மின்சாரமும் வண்டிச் செலவும் 2,000, வீட்டுச் செலவுக்கு 10,000; மாதம் 17,000 ரூபாய் வேண்டும். ஒரு பாய்க்கு 100 ரூபாய் லாபம் என்றால் மாதம் 170 பாய் விற்க வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு ஆண்டுக்கு ஒரு பாய் வாங்குவார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 24 மாதத்துக்கு 4,080 வீடுகள் உங்களிடமே வாங்கியாக வேண்டும். உங்கள் மஹல்லாவில் எத்தனை வீடுகள்? அதில் எத்தனை பேர் இன்னும் பாயில் படுக்கிறார்கள்? இந்தக் கணக்கைப் போட ஒரு தாளும் பேனாவும் போதும். போடாமல் விட்டால் நகை போகும்.

எப்படி விசாரிப்பது?

1. ஒரு வாரம் நடந்து பாருங்கள். அதே பொருள் எத்தனை கடையில் கிடைக்கிறது, என்ன விலை, எந்த நேரம் கூட்டம் என்று எழுதி வையுங்கள். காலை, மாலை, ஜும்ஆ நாள் மூன்றும் பாருங்கள்.

2. போட்டிக் கடையில் காசு கொடுத்து வாங்கிப் பயன்படுத்துங்கள். எது நன்றாக இருக்கிறது, எதில் குறை என்று தெரியும்.

3. சொந்தக்காரர் அல்லாத இருபது பேரிடம் கேளுங்கள். மாமியும் சாச்சாவும் நல்லா இருக்கும் என்றுதான் சொல்வார்கள். வாங்குவீர்களா என்று கேட்பதைவிட, கடைசியாக எப்போது, எங்கே, என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்டால் உண்மை வரும்.

4. பருவத்தைக் கவனியுங்கள். ரமளானிலும் பெருநாளிலும் விற்பது மற்ற மாதங்களில் விற்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கோரை காயாது. மெலிந்த மாதத்திலும் வாடகை உண்டு.

5. சிறிதாக விற்றுப் பாருங்கள். கடை பிடிக்கும் முன் வீட்டிலிருந்தே ஒரு மாதம் விற்றால், அதில் வரும் நஷ்டம் தாங்கக்கூடியதாக இருக்கும்.

விசாரிப்பதிலும் ஹலால், ஹராம் உண்டு. ஒருவர் பேசி முடிக்கும் வியாபாரத்தில் குறுக்கே புகுவதையும், வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிவிடுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். பொய் சொல்லிக் கடைக்காரரின் கணக்கைக் கறப்பதும், அவர் சரக்கைப் பற்றிப் பழி பரப்புவதும் நமக்கு ஆகாது. கண்ணால் பார்ப்பதும், காசு கொடுத்து வாங்குவதும், நேராகக் கேட்பதும் போதும்.

இவ்வளவும் பார்த்த பிறகு, இந்தத் தொழில் வேண்டாம் என்று தெரிந்தால் அதுவும் லாபமே. நகை பெட்டியிலேயே இருக்கும். தொழிலுக்கு வட்டியில்லாக் கடன் கேட்டு நம் அறக்கட்டளைக்கு வருவோர், யார் வாங்குவார்கள், இப்போது எங்கே வாங்குகிறார்கள், நம்மிடம் ஏன் வர வேண்டும், மாதம் எத்தனை விற்க வேண்டும் என்ற நான்குக்கும் பதிலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாத தாய்மார்கள் வாயால் சொன்னால் போதும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். சேர்ந்து உட்கார்ந்து மஷூரா செய்வோம். உங்கள் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.