பொன்சோ கண்மாயம்

பொன்சோ கண்மாயம் என்பது, குவிந்து செல்லும் இரு கோடுகளுக்கிடையே வரைந்த சமநீளமுள்ள இரு குறுக்குக் கோடுகளுள், குறுகிய பக்கத்திலுள்ளது நீளமாகத் தோன்றும் மாயத்தோற்றம் ஆகும். இத்தாலிய உளவியலாளர் மாரியோ பொன்சோவின் பெயரால் இது அழைக்கப்படுகிறது.

இராமேசுவரம் இராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிரகாரம் இதனை விளங்கிக்கொள்ள நல்ல இடம். அதன் 1212 தூண்களின் வரிசைகள் இணையாக இருந்தும் தொலைவில் குவிவதாகத் தெரியும். கடைசித் தூணின் விம்பம் விழித்திரையில் மிகச் சிறிதாகவே விழுகிறது. ஆயினும் அத்தூண் குட்டையானதென எவரும் எண்ணுவதில்லை. தொலைவைக் கணித்து மூளை அளவைத் திருத்திக்கொள்கிறது. தட்டையான படத்திலும் இதே திருத்தம் நிகழ்வதே இக்கண்மாயத்துக்குக் காரணம் என்பது பரவலான விளக்கம். அளவுகோலால் அளந்தறிந்த பின்னரும் அது மறைவதில்லை.

தனுஷ்கோடிச் சாலையில் நண்பகலில் தெரியும் கானல்நீர் இவ்வகையினதன்று. சூடான காற்றில் ஒளி வளைவதால் உண்டாகும் அது ஒளிப்படத்திலும் பதியும்.