உஷார்! கம்போங் ராஜாவில் தை மாதக் கல்யாணமா? பட்டை எடுக்கும் முன் இதைப் படியுங்கள்

தை பிறந்ததும் கல்யாணப் பத்திரிகைகள் வரிசை கட்டி வரும். அதில் ஒன்றில் கம்போங் ராஜா என்று ஊர் போட்டிருந்தால், அலமாரியைத் திறக்கும் முன் கொஞ்சம் நில்லுங்கள். கிள்ளானிலும் ஈப்போவிலும் பினாங்கிலும் கல்யாணத்துக்குக் கட்டிப் போகிற அதே உடுப்போடு இந்தக் கேமரன் மலைக்கு ஏறி வருகிறவர்களைத் தை மாதத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கையில்லாத ரவிக்கை, காற்றில் பறக்கும் ஜார்ஜெட் சேலை, ஒற்றை வேட்டி, இடுப்பில் பட்டுப் பாவாடை மட்டும் கட்டிய இரண்டு வயதுக் குழந்தை. முகூர்த்தம் முடிவதற்குள் உதடு கறுத்துப் பல் கிட்டத் தொடங்கிவிடும்.

"நம்ம நாட்டுல ஏது குளிர்காலம்?" என்ற நினைப்புத்தான் இதற்கெல்லாம் காரணம். பனி கொட்டாத நாடுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை நம் கேமரன் மலையில் பதிவானது: 7.8 டிகிரி செல்சியஸ். தேதியைக் கவனியுங்கள், 1978 பிப்ரவரி 1. நம் கணக்கில் தை மாதம். வழக்கமான இரவுகள் அந்த அளவுக்கு இறங்குவதில்லை. 15, 16 டிகிரி வாக்கில் நிற்கும். அதுவே போதும், பழக்கமில்லாத உடம்பைப் படுத்திவிடும். ஈப்போவில் மத்தியானம் 33 டிகிரியில் வேர்த்துக் கொட்டிய உடம்பு, சிம்பாங் பூலாய் சாலையில் ஏறி அன்றிரவே பாதி வெப்பத்தில் வந்து நிற்கிறது. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். இது எந்தக் கல்யாணத்துக்காகவும் மாறாத கணக்கு.

இதில் முகூர்த்த நேரம் வேறு சேர்ந்துகொள்கிறது. ஐயர் குறித்துக் கொடுப்பது விடியற்காலை ஐந்தரை, ஆறு மணி என்றால், அப்போது இங்கே கும்மிருட்டு. நம் நாட்டுக் கடிகாரத்தில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் சூரியன் உதிக்கவே ஏழேகால், ஏழரை ஆகிவிடும். ஒரு நாளின் மிகக் குளிர்ந்த நேரம் நள்ளிரவு என்று பலர் நினைக்கிறார்கள். பூமி இரவு முழுக்கச் சூட்டை இழந்துகொண்டே வந்து, சூரியன் எழுவதற்குச் சற்று முன்தான் குளிர் உச்சத்தைத் தொடும். அந்த நேரத்தில்தான் நீங்கள் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கழுவிவிட்ட தரையில் வெறுங்காலோடு நிற்கப்போகிறீர்கள். மேகம் இல்லாமல் நட்சத்திரம் தெரிகிற இரவு என்றால் இன்னும் கூடுதலாகக் குளிரும். வானம் தெளிவாக இருக்கிறதே, மழையில்லை, தப்பித்தோம் என்று அன்று சந்தோஷப்பட வேண்டாம்.

குளிரைவிட நான் பயப்படுவது ஈரத்துக்கு. வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரில் தொடங்கி மார்ச் வரைக்கும் இழுக்கும். தூறல், சாரல், மூடுபனி என்று ஏதாவது ஒன்று உடுப்பில் ஏறிக்கொண்டே இருக்கும். நனைந்த துணி உடம்போடு ஒட்டினால், காற்று எடுத்துப்போவதைப்போலப் பல மடங்கு வேகத்தில் தண்ணீர் உடம்புச் சூட்டை எடுத்துப்போகும். பருத்தி தண்ணீரைக் குடித்துவிட்டு லேசில் காயாது. ஆகவே, தடித்த காட்டன் சேலைதானே, தாங்கும் என்ற தைரியம் இங்கே ஆகாது. கம்பளி அப்படியில்லை. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் கதகதப்பைக் கைவிடாது. உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. பனிப்பிரதேசத்தில் மட்டும்தான் இது வரும் என்று நினைக்காதீர்கள். நனைந்த உடையோடு குளிர்காற்றில் நிற்கும் முதியவருக்கும் கைக்குழந்தைக்கும் 10, 15 டிகிரியிலும் வரலாம்.

இந்த ஒன்றை மட்டும் மனதில் ஆணியடித்து வைத்துக்கொள்ளுங்கள். நடுங்கிக்கொண்டிருந்த பெரியவருக்கு நடுக்கம் நின்றுவிட்டால், "சரி, குளிர் பழகிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். உடம்பு போராடுவதை நிறுத்திவிட்டது என்று அதற்கு அர்த்தம் இருக்கலாம். பேச்சு குழறுகிறதா, தூக்கம் சொக்குகிறதா, நடை தள்ளாடுகிறதா என்று பாருங்கள். இருந்தால் ஈரத்துணியைக் களைந்து, காய்ந்த போர்வை சுற்றி, உடனே 999-க்கு அழையுங்கள். ஆஸ்பத்திரி தானா ராத்தாவில் இருக்கிறது. கம்போங் ராஜாவிலிருந்து அங்கே போக திரிங்காப், கியா ஃபார்ம், பிரிஞ்சாங் எல்லாம் தாண்ட வேண்டும். சனி, ஞாயிறுகளில் கியா ஃபார்ம் சாலை எப்படி அடைத்துக்கொண்டு நிற்கும் என்பது அங்கே ஒருமுறை மாட்டியவர்களுக்குத் தெரியும். நம் கல்யாணங்கள் நடப்பதும் சனி, ஞாயிறில்தான்.

சரி, என்னதான் உடுத்துவது?

பெண்களிடம் முதலில் சொல்கிறேன்: பட்டை விட வேண்டாம். நல்ல பட்டு குளிருக்கு எதிரியில்லை. அது விலங்கு இழை, ஓரளவு சூட்டைப் பிடித்து வைக்கும். கனமான காஞ்சிபுரம் இந்த ஊருக்குப் பொருத்தமானது. ஷிஃபானும் ஜார்ஜெட்டும் நெட்டும்தான் ஆகாது. பட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் காரியம். உடம்போடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை, மேலும் கீழும். சாட்டின் உள்பாவாடைக்குப் பதிலாகத் தடித்த லெக்கிங்ஸ். அதன்மேல் பாவாடை கட்டினால் வெளியே ஒன்றும் தெரியாது. ரவிக்கையை முழுக்கையாகத் தைத்துக்கொள்ளுங்கள், வெல்வெட் துணியென்றால் இன்னும் நல்லது. முதுகை முழுக்கத் திறந்து விடுகிற ஜன்னல் வைத்த டிசைனை அடுத்த கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தையற்காரருக்கு நாள் வேண்டும். பத்திரிகை கைக்கு வந்த வாரமே துணியைக் கொடுத்துவிடுங்கள். சேலையைக் கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கிற மாதிரி கட்டுங்கள். தரையில் இழுபடும் கரை ஈரத்தை உறிஞ்சி முழங்கால் வரைக்கும் ஏற்றிவிடும்; சரிகையும் ஈரம் பட்டால் கறுக்கும்.

ஆண்களே, வேட்டிதான் கட்டுவேன் என்றால் கட்டுங்கள், கட்டத்தான் வேண்டும். உள்ளே முழுக்கால் தெர்மல் போட்டுக் கட்டுங்கள். ஜிப்பா என்றால் பருத்தியைவிட கம்பளி கலந்த துணியோ தடித்த ராசில்க்கோ எடுங்கள்.

இனி, போர்வைக்கு வருவோம். இங்கேதான் நம் சனங்கள் சண்டைக்கு வருவார்கள். "பட்டுக்கு மேல போர்வையா? போட்டோவுல நல்லாவா இருக்கும்?" அந்த ஒரு போட்டோவுக்காக எழுபது வயதுப் பாட்டி தோளில் கிடந்த சால்வையை உருவி எடுத்த பேத்தியை நான் பார்த்திருக்கிறேன். "பாட்டி, ரெண்டு நிமிஷம்தான் பாட்டி, எடுத்துட்டு தந்துடுறேன்" என்றாள். இரண்டு நிமிஷம் அரை மணி நேரம் ஆனது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. பேத்தி கல்யாணப் படம் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

போர்த்திக்கொள்வது கல்யாணத்துக்கு ஆகாது என்று யார் சொன்னது? நீலகிரிக்குப் போய்ப் பாருங்கள். தோடர்கள் விசேஷங்களுக்குப் போர்த்திக்கொள்ளும் பூத்துக்குளி, சிவப்பும் கறுப்புமாக எம்பிராய்டரி போட்ட தடித்த பருத்திப் போர்வை. ஆணும் பெண்ணும் போர்த்துவார்கள். அந்த எம்பிராய்டரிக்கு 2013-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. படகர் ஊர்களில் சடங்குகளுக்கு வெள்ளைப் போர்வைதான் மரியாதைக்குரிய உடை. குளிர்மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்களுக்குப் போர்வைதான் விசேஷ உடை. நம் ஆட்களும் இந்த மலைக்குத் தேயிலை நட்ட காலத்திலேயே வந்தவர்கள். 1929-இல் போ (BOH) தேயிலைத் தோட்டம் தொடங்கியது, 1933-இல் பாரத் தோட்டம். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் சுவெட்டருக்குமேல் துணி சுற்றிக்கொண்டுதான் மலை ஏறினார்கள். கீழேயிருந்து வருகிற நாம் அந்தப் புத்தியை ஏன் விட்டுவிட வேண்டும்?

நல்ல கம்பளிச் சால்வை ஒன்று வாங்குங்கள். சேலையின் கரை நிறத்தில் எடுத்தால் படத்திலும் எடுப்பாக இருக்கும். நிறத்தில் ஒரு எச்சரிக்கை: நம்மில் பெரும்பாலோரிடம் இருக்கும் ஒரே ஜெக்கெட் கறுப்பு. கல்யாண வீட்டில் கறுப்பைப் பெரியவர்கள் விரும்ப மாட்டார்கள், அதனால் வாசலிலேயே கழற்றி வண்டியில் போட்டுவிட்டு உள்ளே போய் நடுங்குவோம். வாங்கும்போதே அரக்கு, கடுகு மஞ்சள், காப்பிக்கொட்டை நிறம் என்று பார்த்து வாங்கிவிட்டால் கழற்றவே வேண்டியதில்லை.

இப்போது எனக்கு மிகவும் நெஞ்சு அடித்துக்கொள்ளும் இடத்துக்கு வருகிறேன். தீ. குளிருகிறது என்பதால் எல்லோரும் ஹோமகுண்டத்தைச் சுற்றி நெருங்கி நிற்பார்கள். அட்சதை போடக் குனிவார்கள். தோளில் தளர்வாகத் தொங்குகிற சால்வை முனை, முந்தானை, நைலான் ஜெக்கெட் கை, எல்லாம் நெருப்புக்கும் குத்துவிளக்குக்கும் பக்கத்தில். கம்பளியும் பட்டும் லேசில் பற்றாது, பற்றினாலும் கருகும். பாலியஸ்டரும் நைலானும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஃப்ளீஸ் என்று விற்கிற மெத்தென்ற ஜெக்கெட்டும் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். கடையில் துணியின் சீட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள். சால்வையை இரண்டு தோளிலும் ஊக்கு குத்தி, முனைகளை இடுப்பில் செருகுங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு குண்டத்துக்குப் பக்கத்தில் போகவே போகாதீர்கள். அப்படியும் பற்றிவிட்டால் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும். சுட்ட இடத்தில் ஓடும் தண்ணீரை இருபது நிமிடம் விடுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். பற்பசை, மஞ்சள் எதையும் அப்பாதீர்கள்.

காலுக்கு வருவோம். கோயிலுக்குள் வெறுங்கால்தான், அதில் மாற்றமில்லை. கைப்பையில் காய்ந்த தடித்த காலுறை ஒன்றை பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருங்கள். வெளியே வந்ததும் காலைத் துடைத்துவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஹை ஹீல்ஸ் வேண்டாம். பாசி பிடித்த படியும் ஈர மண்ணும் இருக்கிற ஊர் இது. வண்டி ஓட்டுகிறவர் வேட்டி, சேலை, செலிப்பாரோடு ஓட்டவே வேண்டாம். சாதாரண உடையில், பிடிப்பான சப்பாத்தோடு ஏறிவந்து சொந்தக்காரர் வீட்டில் மாற்றிக்கொள்ளுங்கள். 2010 டிசம்பரில் தாய்லாந்துப் பயணிகளின் பேருந்து கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த மலைச்சாலை இது.

குழந்தைகளுக்குப் பட்டுப் பாவாடைக்கு உள்ளே முழுக்கை, முழுக்கால் உள்ளாடை, தலைக்குக் குல்லா, மாற்றுத்துணி ஒரு செட். சிறுநீர் நனைத்த துணியோடு கைமாறி கைமாறி ஒரு மணி நேரம் சுற்றும் குழந்தைகளை எல்லாக் கல்யாணத்திலும் பார்க்கலாம். கீழே அது அசௌகரியத்தோடு போய்விடும், இங்கே ஆபத்து.

உடுப்பில் கோட்டைவிட்டவர்கள் தேடும் இரண்டு குறுக்குவழிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கார் நிறுத்துமிடத்தில் ஒரு கிளாஸ் போட்டுக்கொண்டால் குளிர் தெரியாது என்பார்கள். மது தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரிக்கும். சூடு ஏறின மாதிரி தோன்றும், உண்மையில் உள்வெப்பம் வெளியேறிக்கொண்டிருக்கும். இரண்டாவது இதைவிடக் கொடியது. இரவு தங்கும் அறையில் கரி அடுப்பைக் கொண்டுவந்து வைத்துக் கதவைச் சாத்துவது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கொடைக்கானலுக்குச் சுற்றுலா போனவர்கள் இப்படி இறந்திருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சுடுதண்ணீர்ப் பை ஒன்றும் கூடுதல் போர்வை ஒன்றும் கேட்டு வாங்குங்கள். கொடுக்காத கல்யாண வீடு இந்த ஊரில் கிடையாது.

கல்யாண வீட்டாருக்கு ஒரு விண்ணப்பம். பத்திரிகையில் இருதரப்புச் சுற்றத்தார் பெயரையெல்லாம் போடுகிறீர்கள், மண்டபத்துக்கு வழி போடுகிறீர்கள். "விடியற்காலையில் கடுங்குளிர் இருக்கும், கம்பளி உடையோடு வாருங்கள்" என்று ஒரு வரி சேர்த்து அச்சடியுங்கள். அச்சாகிவிட்டதா, வாட்ஸ்அப்பில் இன்றே அனுப்புங்கள். மண்டப வாசலில் சந்தனம், கற்கண்டுத் தட்டுக்குப் பக்கத்தில் பத்துப் போர்வைகளை மடித்து வைத்திருங்கள். மேடையில் படம் எடுக்கும்போது பெரியவர்களின் தோளிலிருந்து சால்வையை எடுக்கச் சொல்ல வேண்டாம் என்று போட்டோகிராபரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.