வாழை நாரில் விளையும் கைப்பை

திண்டுக்கல் பூக்கடைகளிலும் நிலக்கோட்டைச் சந்தையிலும் மல்லிகை தொடுப்பவர்கள், வாழை நாரைத் தண்ணீரில் நனைத்து, நகத்தால் கீறி இழை இழையாகப் பிரித்துக்கொண்ட பிறகே பூவை எடுக்கிறார்கள். அந்த நாரின் உறுதியை நம் ஜில்லாவில் அறியாதவர் இல்லை. ஆயினும் ஒரே ஒரு முறை குலை தள்ளி ஆயுளை முடித்துக்கொள்ளும் வாழையின் உடல், அந்த நார் பொதிந்த பட்டைகளின் அடுக்கே என்பதையும், அதை வெட்டி அப்புறப்படுத்துவதற்கு விவசாயி கைப்பணம் செலவழித்துக் கூலி கொடுக்கிறார் என்பதையும் ஒருசேர எண்ணிப் பார்த்தவர் வெகு சிலரே.

அவ்விதம் எண்ணியவர்களில் ஒருவர், நிலக்கோட்டைத் தாலுகாப் பேரணையைக் கடந்து சோழவந்தான் வழியே வைகை இறங்கும் பாதையிலுள்ள மேலக்கால் கிராமத்து பி. எம். முருகேசன். குடும்ப நிலைமையால் பள்ளிப்படிப்பை இடையில் நிறுத்தித் தகப்பனாருடன் வயலில் இறங்கிய இவர், நாரில் பூத்தொடுப்பதைக் கண்டு, 2008-ஆம் ஆண்டில் அதே நாரைக் கயிறாகத் திரிக்கும் முயற்சியைத் தொடங்கினார். கையால் திரிப்பது மந்தமாக இருந்தது. தென்னை நாருக்கென ஏற்பட்ட இயந்திரமோ வாழை நாருக்கு இசையவில்லை. ஆகவே சைக்கிள் சக்கரத்தின் விளிம்பையும் கப்பிகளையும் சேர்த்துத் தாமே ஒரு முறுக்கு இயந்திரத்தை அமைத்துக்கொண்டார்.

உரித்த பட்டையை நீளவாக்கில் கிழித்து, வெயிலில் உலர்த்தி, இயந்திரத்தில் முறுக்கிக் கயிறாக்குகிறார்கள். இத்துடன் யந்திரத்தின் அலுவல் தீர்ந்தது. கயிறு கிராமத்துப் பெண்களின் வீடுகளுக்குப் போய், அவர்களுடைய விரல்களால் பையாகவும் கூடையாகவும் உருப்பெற்றுத் திரும்புகிறது. இந்த ஏற்பாட்டில் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்த அம்சம், சலிப்பூட்டும் முறுக்கு வேலையை மட்டும் சக்கரத்திடம் விட்டு, வடிவம் கொடுக்கும் சாமர்த்தியத்தையும் அதற்குரிய ஊதியத்தையும், வீட்டை விட்டு வெளியூர் செல்ல இயலாத ஸ்திரீகளிடமே நிறுத்தி வைத்திருப்பதுதான்.

உலகில் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. பிலிப்பைன்ஸ் தேசத்து அபாகா என்னும் மணிலா நார், வாழையின் இனத்தைச் சேர்ந்த செடியிலிருந்தே கிடைக்கிறது. ஜப்பானின் ஒகினாவாத் தீவில், கிஜோகா கிராமத்தார் வாழை நாரில் நெய்யும் பாஷோஃபுத் துணியை, அந்நாட்டு அரசாங்கம் 1974-இல் முக்கியமான கலாசாரச் செல்வமாகவே அங்கீகரித்தது.

நம் சிறுமலை வாழைப்பழத்துக்கும் விருப்பாச்சிப் பழத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. மரத்துக்கு அத்தகைய கௌரவம் இன்னும் வரவில்லை. ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. நார்ப் பைக்கு இதைவிட அநுகூலமான காலம் வாய்ப்பது அரிது. சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் நிறுவிய காந்திகிராமம் கிராமக் கைத்தொழில்களைப் பேணி வளர்த்த பூமி இது. அதன் அருகே சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சிட்டுத் தேர்ந்த விரல்கள் இருக்கின்றன. வத்தலக்குண்டு, நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் வெட்டுண்டு கிடக்கும் வாழையை அந்த விரல்களிடம் சேர்ப்பது அசாத்தியமான காரியமன்று. ஆனால் உலர்த்தும் நாருக்குப் பெரும் சத்துரு ஈரம். ஐப்பசி மழையில் பட்டை உலராமல் பூஞ்சணம் பிடித்தால் அந்த மாதம் பெண்களுக்கு வேலை இல்லை. ஆதலால் இத்தொழிலை இங்கே ஆரம்பிக்க விரும்புவோர், இயந்திரத்துக்கு முன்பாகவே, ஊருக்குப் பொதுவாக ஒரு நல்ல உலர்த்தும் கொட்டகையைக் கட்டித் தர வேண்டும்.