குடலின் காவலும் ஈரலின் நலமும்

கொலஸ்திரோலை ஆக்குவதிலும், மிகுந்ததைப் பித்தநீரோடு கழிப்பதிலும் முதன்மையான உறுப்பு ஈரலே. ஆதலின், கொலஸ்திரோலைக் குறைக்குமென்று விற்கப்படும் பொருள் எதுவாயினும், அஃது ஈரலுக்கு என்ன செய்யும் என்று கேட்பது முறையேயாம். மருந்துக்கடைகளிற் கிடைக்கும் தாவர ஸ்திரோல் குளிசைகளைப் பற்றி இக்கேள்வியை எழுப்புவோம்.

விலங்குடம்பிற் கொலஸ்திரோல் இருப்பதுபோலத் தாவரங்களிலும் அதனையொத்த பொருள்கள் உள. சிற்றோஸ்திரோல், கம்பெஸ்திரோல், ஸ்டிக்மாஸ்திரோல் என்பன அவற்றுட் சில. எள், கச்சான், பருப்புவகை ஆகியவற்றில் இவை உண்டு. நல்லெண்ணெயில் மிகுதி, தேங்காயெண்ணெயிற் குறைவு. சாதாரண உணவின் வழியாக ஒருவர் நாளொன்றுக்குப் பெறுவது ஏறத்தாழ 200 முதல் 400 மில்லிகிராம். குளிசைகளும், ஸ்திரோல் சேர்த்த மாஜரின் வகைகளும் தருவதோ சுமார் 2 கிராம்.

உருவொற்றுமையே இவற்றின் வலிமை. சிறுகுடலிற் பித்தநீரின் துணையால் அமையும் நுண்துளிகளில் ஏறினாலன்றிக் கொலஸ்திரோல் உடம்பினுட் புக இயலாது. அவ்விடங்களைத் தாவர ஸ்திரோல் முந்திப் பிடித்துக்கொள்ள, கொலஸ்திரோலில் ஒரு பகுதி உட்புகாது வெளியேறுகின்றது. இடம்பிடித்தவை தாமேனும் உட்புகுமோவெனில், அதுவுமில்லை. குடற்சுவரின் உயிரணுக்களில் உள்ள இரு புரதங்கள் அவற்றை இனங்கண்டு மீண்டும் குடலுக்கே தள்ளிவிடுகின்றன. தப்பிச் செல்வது நூற்றுக்கு ஐந்து வீதத்துக்கும் குறைவு. அதனையும் ஈரல் பித்தநீரிற் கலந்து வெளியேற்றுகின்றது.

இவ்வறிவு புதியதன்று. 1950களிலேயே இது மருந்தாகப் பயன்பட்டது. 1995இற் பின்லாந்திலே, 153 பேரைக் கொண்டு ஓராண்டு நடத்திய ஆராய்ச்சி, சிற்றோஸ்திரோலின் உறவான சிற்றோஸ்தனோல் கலந்த மாஜரினால் இரத்தக் கொலஸ்திரோல் நூற்றுக்குப் பத்து வீதமளவு குறைந்ததென்று காட்டியது. நாளொன்றுக்கு 2 கிராம் என்னும் அளவு சுகதேகிகளின் ஈரலைக் கெடுப்பதாகப் பரிசோதனைகளிற் காணப்படவில்லை.

ஆயின், குடல் என்னும் காவலைக் கடந்து இப்பொருள் நேரே இரத்தத்திற் கலந்தால் நிகழ்வது யாது? குடல் பழுதுற்ற பச்சிளங் குழந்தைகளின் வரலாறு இதற்கு விடை தருகின்றது. வாயால் உண்ண இயலாத அவர்களுக்கு நரம்பின் வழியே உணவு ஏற்றுவர். கொழுப்புச்சத்துக்காகச் சோயா அவரை எண்ணெய்க் குழம்பும் சேர்ப்பர். அக்குழம்பிற் தாவர ஸ்திரோல் உண்டு. தடுப்பாரின்றி அது முழுவதும் ஈரலைச் சேரும். உயிர்காக்க ஏற்றிய அவ்வுணவினாலேயே குழந்தைகள் சிலருக்குப் பித்தநீர் தேங்கிச் செங்கண்மாரி கண்டது. ஈரல் சிதைந்து மாண்டோரும் உளர். இத்தகைய குழந்தைகளின் இரத்தத்திலே தாவர ஸ்திரோல் மிகுந்திருந்ததை 1993இல் வெளியான ஓர் ஆராய்ச்சி எடுத்துக்காட்டியது. பின்னர், ஸ்டிக்மாஸ்திரோல் பித்தநீர் வெளியேற்றத்தைத் தடுப்பது எலிகளிற் கண்டறியப்பட்டது. இந்நோய்க்குக் காரணம் இஃதொன்றே அன்று. எனினும், பொஸ்டன் நகரத்துச் சிறுவர் வைத்தியசாலையில் மீனெண்ணெய்க் குழம்புக்கு மாறியபோது பல குழந்தைகளின் ஈரல் தேறியது. அக்குழம்பை அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2018இல் இந்நோய்க்கு அங்கீகரித்தது.

காவற் புரதங்கள் பிறவியிலேயே பழுதுற்ற அரிய பரம்பரை நோயொன்றும் உண்டு. 1974இல் இரு சகோதரிகளிடத்தே முதன்முதல் விபரிக்கப்பட்ட இந்நோயில், உணவிலுள்ள தாவர ஸ்திரோல் இரத்தத்திற் குவிந்து இளமையிலேயே இருதயநாடிகளை அடைக்கக்கூடும். இத்தகையோருக்கு இக்குளிசை நஞ்சேயாம்.

இனி, ஈரலிற் கொழுப்புப் படிந்திருப்பதாக வைத்தியர் சொல்லக்கேட்டு இக்குளிசையை நாடுவோர் பலர். படிவது பெரும்பாலும் கொலஸ்திரோலன்று; மாவும் சீனியும் மிகுந்து உண்டு, உடலுழைப்புக் குறைந்தவிடத்துச் சேரும் வேறொரு கொழுப்பு. உடல்நிறையில் நூற்றுக்கு ஏழு முதல் பத்து வீதம் குறைத்தால் அவ்வீரல் தேறுவதை வைத்தியர்கள் கண்டிருக்கின்றனர். குளிசைக்குச் செலவிடும் பணத்துக்கு நல்ல கீரையும் மீனும் வாங்கலாமே என்பது என் எண்ணம்.

ஸ்திரோல் சேர்த்த உணவுப்பொதிகளிலே, நாளொன்றுக்கு 3 கிராமுக்கு மேல் உட்கொள்ளலாகாது என்றும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் ஏற்றதாகாதிருக்கலாம் என்றும் அச்சிடுமாறு ஐரோப்பிய ஒன்றியத்துச் சட்டம் கட்டளையிடுகின்றது. ஏற்கனவே மருந்துண்போர் வைத்தியரைக் கேட்டே இவற்றை உண்ணவேண்டும் என்னும் வாசகமும் அப்பொதியில் இடம்பெறும்.